புள்ளி 1920, வரிசை 1080

கேமிங் பிசி ஒன்று அசெம்பிள் பண்ணலாம் என்றிருக்கிறேன் என்று டீக்கடையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை பேர் யோசனை சொன்னதில்லை. மறுநாள் காலைக்குள் தெருவில் மூன்று கட்சிகள் உதயமாகிவிட்டன. பிராசஸர் இன்டெல்லா, ஏஎம்டியா என்று மல்லுக்கு நிற்பது ஒன்று. கிராபிக்ஸ் கார்டுதான் உயிர், மற்றதெல்லாம் சும்மா என்பது இன்னொன்று. "அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு புடிச்சா மூணு வேளையும் பால் குடிக்கலாம்" என்பது எங்கள் அம்மாவைத் தலைவராகக் கொண்ட மூன்றாவது கட்சி. மெஜாரிட்டி அதற்குத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று கட்சியிலும் ஒருத்தர்கூட இரண்டு சாமான்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒன்று, விளையாட்டையெல்லாம் சேமித்து வைக்கிற டிஸ்க். இன்னொன்று, அதைப் பார்க்கிற மானிட்டர். கேட்டால், "அது கெடக்குது, கடைசியில மிச்சம் இருக்கிற காசுக்கு எதையாவது போட்டுக்கலாம்" என்கிறார்கள். கல்யாணச் சமையலில் இருக்கிற பணத்தையெல்லாம் பாயசத்தில் கொட்டிவிட்டு, வாழையிலை வாங்கக் காசில்லாமல் நிற்பது மாதிரி! பிராசஸர் உள்ளே என்ன வேகத்தில் ஓடினாலும் சரி, மனுஷன் அனுபவிப்பது இரண்டைத்தான். எவ்வளவு நேரம் காத்திருந்தோம், கண்ணுக்கு என்ன தெரிந்தது. காத்திருப்பதை டிஸ்க் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை மானிட்டர் தீர்மானிக்கிறது.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, போட்டோ பிரிண்ட், யாருடைய கம்ப்யூட்டராவது படுத்துக்கொண்டால் தட்டி எழுப்புவது, இவைதான் தொழில். வீடு கருணாபுரம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-ல்கூட, எங்கள் ஏரியா பெயரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2024 ஜூனுக்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பல பேர் எங்கள் தெருக்காரர்கள். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எல்லாம் எழுதிவிட்டார்கள். கேமரா வண்டிகள் வந்தன, போயின.

அதற்கு அப்புறம் ஒன்று நடந்தது. அதை யாரும் எழுதவில்லை, எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள். என் தங்கச்சிக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கிடைத்த விலையில்லா லேப்டாப்பில் ஏதோ பழைய கார் ரேஸ் ஆடிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க முதலில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு நாலு பேர், இப்போது எட்டு. அதில் மூன்று பேர் வீட்டில், அப்பா சட்டை மாட்டுகிற ஆணி காலியாக இருக்கிறது. பசங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. "அக்கா, லெஃப்ட்ல போ! லெஃப்ட்டு!" என்று கத்துவார்கள், அவ்வளவுதான்.

அந்த லேப்டாப்பில் ஒரு கோளாறு. நேராக உட்கார்ந்தால்தான் படம் தெரியும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நெகடிவ் பிலிம் மாதிரி கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறும். ஆகவே நடு இடத்துக்குத் தினமும் அடிதடி. ஓரத்தில் மாட்டுகிறவன் எதையும் பார்க்காமலே 'லெஃப்ட்டு' என்று கத்திக்கொண்டிருப்பான்.

என் மனைவி மூன்று வருஷமாகக் கட்டிய சீட்டு ஒரு லட்சம் விழுந்தது. முப்பதாயிரத்தை மகள் படிப்புக்கென்று தனியாக முடிந்துவைத்துவிட்டு, மிச்சத்தை என் கையில் கொடுத்தாள். ரெண்டே கண்டிஷன்.

"எழுபதுக்கு மேல ஒத்த ரூபா கேக்கக் கூடாது. அப்புறம், ஓரத்துல ஒக்காந்திருக்கிற புள்ளைக்கும் தெரியணும். ஆமாம், சொல்லிட்டேன்."

நான் படித்த எந்தக் கம்ப்யூட்டர் விளக்கத்திலும் இவ்வளவு தெளிவான தேவைப் பட்டியலைப் பார்த்ததில்லை.

பிராசஸர், போர்டு, 16 ஜிபி ராம், நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, பெட்டி எல்லாம் சேர்ந்து சுமார் நாற்பத்தொன்பதாயிரத்தை முழுங்கிவிட்டன. கேம்பேட் இரண்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கீபோர்டும் மவுசும் கடையில் கிடந்த பழசு. ஆகக் கையில் மிச்சம் பதினேழாயிரத்து ஐந்நூறு. அதற்குள் டிஸ்க்கும் மானிட்டரும் வந்தாக வேண்டும்.

முதலில் டிஸ்க். 1956-ல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. நம்மூர்ப் பரோட்டாக் கடைத் தோசைக்கல்லை ஐம்பது அடுக்கினதாக நினைத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு டன் இருக்கும். கொள்ளளவு? சுமார் 5 எம்பி. இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கிற ஒன்றிரண்டு போட்டோ. இன்று அதைப்போல இரண்டு லட்சம் மடங்கு பிடிக்கிற சாமான் மாத்திரை அட்டை சைஸில் இருக்கிறது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். தலைவலி மாத்திரை என்று அம்மா பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடம் பெருகப் பெருக விளையாட்டுகளும் ஊதிக்கொண்டே போகின்றன. நாங்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய 'வைஸ் சிட்டி' 2002-ல் வந்தது. கம்ப்யூட்டரில் அது கேட்ட இடம் 915 எம்பி. அதே குடும்பத்து அடுத்த வாரிசு ஒருத்தர் 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 65 ஜிபி கேட்டார். 2019-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' 150 ஜிபி என்கிறது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி, வரும்போதே பத்து மூட்டையுடன்தான் வருகிறார்கள்.

"அப்ப ஆடி முடிச்சதும் அழிச்சிட்டு, வேணும்னா திரும்ப எறக்கிக்கலாமே?" என்றான் கடைக்கு வரும் காலேஜ் பையன். எறக்கலாம். தினம் 1.5 ஜிபி கொடுக்கிற செல்போன் பிளானில் 150 ஜிபி இறக்க சரியாக நூறு நாள் ஆகும். நூறாவது நாள் போஸ்டர் அடித்துத் தெருவில் ஒட்டலாம். என் வீட்டில் இருப்பது 40 எம்பிபிஎஸ் ஃபைபர். அதிலேயே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் நடுவில் கரண்ட் போகாமலிருந்தால். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற என் சகலை, டவர் கிடைக்கிற பாறையைத் தேடிப்போய்ப் பேசுகிறவர். அவர் வீட்டுக்கு இந்த யோசனையைச் சொன்னால் அடிக்க வருவார். நெட் மெதுவாக இருக்கிற ஊரில்தான் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும். பட்டணத்துக்காரர் 500 ஜிபியில் காலம் தள்ளிவிடுவார், நமக்கு முடியாது.

பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் கிடைக்கிறது. ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்ன கணக்கு இது: 256 ஜிபிக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்டு டிஸ்க். கேட்க அழகாக இருந்தது. ஆனால் ஹார்டு டிஸ்க் என்பது தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம். ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கும். எடுத்துத்தர ஆள் எழுந்து நடக்க வேண்டும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி செகண்ட். சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்குமேல் ஊசி இடம் பெயர்கிற நேரம் வேறு. மொத்தத்தில் ஒரு துண்டுத் தகவலுக்குப் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட். என்ன பெரிய நேரம் என்பீர்கள். விளையாட்டு ஒன்று திறக்க அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டுமே! எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, நடக்கிற ஊசியும் இல்லை. அதே துண்டு 0.1 மில்லி செகண்டில் கைக்கு வந்துவிடும்.

இந்த நடையைக் குறைக்க விளையாட்டு தயாரிக்கிறவர்கள் ஒரு தந்திரம் செய்து வந்தார்கள். ஒரே மரத்தின் படத்தை, அந்த மரம் வருகிற ஒவ்வொரு தெருவின் ஃபைலோடும் திரும்பத் திரும்ப நகல் எடுத்து வைப்பது. நான் ஜெராக்ஸ் கடைக்காரன், எனக்கு இது உடனே புரிந்துவிட்டது! 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டில் 2025 டிசம்பரில் இந்த நகல்களையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். 154 ஜிபி இருந்தது 23 ஜிபி ஆயிற்று. மிச்சம் 131 ஜிபி வெறும் ஜெராக்ஸ்.

எங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் சுலபம். கூடத்தில் எட்டுப் பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை நிமிஷம் 'லோடிங்' என்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், கடைசிப் பையன் முறை வருவதற்குள் அவன் அம்மா "டேய், சோறு ஆறிப்போவுது!" என்று வாசலில் வந்து நிற்பாள். ஹார்டு டிஸ்க்குக்கு அங்கேயே கும்பிடு.

எஸ்எஸ்டி என்று முடிவானதும் அடுத்த குழப்பம் வேகம். சாட்டா வகை செகண்டுக்குச் சுமார் 550 எம்பி. என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500 எம்பி, நான்காம் தலைமுறை 7,000 எம்பி. எண்ணைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம் மாட்டுவண்டிக்கும் பஸ்ஸுக்கும் உள்ளது. 3,500-லிருந்து 7,000-க்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம், பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றிரண்டு செகண்ட். அந்த ஒன்றிரண்டு செகண்டுக்குக் கூடுதலாக இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க, நான் ரயிலைப் பிடிக்கவா போகிறேன்? வேகத்தில் நடுத்தரமாக, இடத்தில் தாராளமாக, 1 டிபி என்விஎம்இ என்று எழுதிக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை: இந்த மாத்திரை அட்டை வடிவத்திலேயே சாட்டா வகையும் வருகிறது. உருவம் ஒன்று, ஜாதகம் வேறு. உங்கள் போர்டு எதை ஏற்றுக்கொள்ளும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"எஸ்எஸ்டி தேய்ஞ்சு போயிடுமாமே?" என்று ஒரு பீதி ஊரில் உலாவுகிறது. தேயும்தான். 1 டிபி டிரைவ்கள் பலவற்றுக்கு எழுதும் அளவு 600 டிபி என்று கம்பெனி வரம்பு போட்டிருக்கிறது. தினம் 100 ஜிபி விளையாட்டு ஒன்றைப் புதிதாக ஏற்றினால்கூட 6,000 நாள், அதாவது பதினாறு வருஷம். அதற்குள் எட்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிடும். தேய்வதை விட, வாய் வரை நிரப்புவதுதான் கெடுதல். எங்கள் ஊர் ரைஸ் மில்லில் மூட்டை பிடிக்கிறவரைக் கேளுங்கள். மேலே கொஞ்சம் இடம் விட்டால்தான் சாக்கைத் தைக்க முடியும். எஸ்எஸ்டியும் அப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால் வேகம் குறையாமல் ஓடும்.

1 டிபி என்று வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி 1,000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. ஊருக்கு ஊர் படி அளவு மாறின காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. ஆனால் நிஜமாகவே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி' என்று விற்பது பெரும்பாலும் 64 ஜிபி சில்லைப் பொய் சொல்ல வைத்தது. ஃபைல் போட்டால் ஏற்றுக்கொண்ட மாதிரி நடிக்கும், திரும்பக் கேட்டால் இருக்காது. இந்த வித்தை எனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். எங்கள் டிவி கேம் கேசட்டின் மேல் '9999999 கேம்ஸ்' என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணினால் மரியோ, கான்ட்ரா என்று ஒரு டஜன் தேறும். மிச்சமெல்லாம் அதே மரியோவின் வேறு வேறு பெயர்கள்.

அந்த கேசட்டை ஆடிய டிவி, 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் வீட்டுக்கு வந்த 14 அங்குலப் பெட்டி. அதில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பறக்கிற வாத்தைச் சுடுவோம். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று போன வருஷம் பரணிலிருந்து துப்பாக்கியைத் தேடி எடுத்து, கடையில் இருக்கிற தட்டை மானிட்டரில் மாட்டிச் சுட்டால் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதில்லை. பழைய டிவியில் கதிர் ஓடுகிற அதே கணத்தில் திரையில் வெளிச்சம் வரும். துப்பாக்கி அந்தக் கணத்தை எதிர்பார்த்து நிற்கும். தட்டைத் திரை படத்தை வாங்கி, யோசித்து, கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டுகிறது. அதற்குள் வாத்து தப்பித்துவிடும். இந்தத் தாமதம்தான் மானிட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டிய சமாசாரங்களில் ஒன்று.

"அப்ப இருக்கிற டிவியிலேயே மாட்டிக்க வேண்டியதுதான? எதுக்குத் தனியா மானிட்டரு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு 32 அங்குல டிவி 1366க்கு 768. செகண்டுக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. பட்டனை அழுத்தினால் கார் திரும்ப ஒரு கணம் யோசிக்கும். அதோடு, ஏழு மணி சீரியலுக்கு அம்மா வந்து உட்கார்ந்தால் விளையாட்டும் கிடையாது, வீடும் கிடையாது. கடைசிக் காரணத்தை மட்டும் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள்.

முழு ஹெச்டி மானிட்டரில் குறுக்காக 1920 புள்ளி, நெடுக்காக 1080 வரிசை. மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். இதை மனைவிக்கு விளக்க நான் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். "கோலத்துக்குப் புள்ளி வெக்கிற மாதிரி" என்று ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"பதினஞ்சு புள்ளி எட்டு வரிசைன்னு சொல்றோமே, அதானே? பெரிய திரைன்னா புள்ளிய எட்டி எட்டி வெக்கணும், சின்னதுன்னா கிட்ட கிட்ட. இதுக்குப் போயி..."

விஷயம் அவ்வளவுதான்! கேம் ஆடுகிற உலகத்தில் இதற்கு ஒரு மனுநீதி எழுதி வைத்திருக்கிறார்கள். 1080 வரிசைக்கு 24 அங்குலம்தான் அளவு. 27 அங்குலம் வாங்கினால் 1440 வரிசை வாங்கு. 27-ல் 1080 வாங்குகிறவன் பாவி. எங்கே விசாரித்தாலும் இதையே ஒப்பித்தார்கள். 24 அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு 92 புள்ளி, 27-ல் 82 புள்ளிதான், படம் சொரசொரப்பாகத் தெரியும் என்பது வாதம்.

1440 வரிசை எனக்குக் கட்டாது. விலை ஒருபுறம் இருக்கட்டும், புள்ளிகள் 36 லட்சத்துக்கு மேல். செகண்டுக்கு நூறு தடவை அத்தனை கோலத்தையும் போட வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. என் நடுத்தரக் கார்டுக்கு மூச்சு வாங்கும். ஆக, நியாயப்படி 24. நானும் அதையே எழுதிவைத்துவிட்டேன்.

மனைவிதான் கேட்டாள்: "புள்ளைங்க எங்க ஒக்காருவாங்க?"

"பாயிலதான். சுவரோரம்."

"விளையாடுறவ?"

"அவளும் பாயிலதான். கையில கேம்பேட் இருக்குல்ல."

"அப்ப ஆறடி தள்ளி. கோலத்தைக் குனிஞ்சு பாத்தா புள்ளி தள்ளித் தள்ளித் தெரியும். மொட்டை மாடியிலேர்ந்து பாத்தா எல்லாம் ஒட்டிக்கிட்டுதான தெரியும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 அங்குலத்தில் 1080 வரிசை என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 0.31 மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் பிரித்துப் பார்க்கிற எல்லை. அந்தக் கணக்கில் மூன்றரை அடிக்கு அப்பால் போனால் புள்ளியைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. நாங்கள் உட்காருவது ஆறடி. மனுநீதி எழுதினவர்கள் எல்லாம் மேஜைக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் நாற்காலி போட்டு, தனியாக உட்கார்ந்து ஆடுகிறவர்கள். எட்டுப் பேர் பாய் விரித்து உட்காருகிற வீடு அவர்கள் கணக்கில் இல்லை. 24-ஐ அடித்துவிட்டு 27 என்று எழுதினேன்.

அடுத்தது, திரையின் ஜாதி. டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று. எங்கள் லேப்டாப்பின் நெகடிவ் பிலிம் வியாதி டிஎன் வகைக்கே உரியது. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் அதில் மூவாயிரத்துக்கு ஒன்று இருந்தால், ஐபிஎஸ்ஸில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். இருட்டு அறையில் உட்கார்ந்து பேய் விளையாட்டு ஆடுகிறவர் விஏ வாங்கட்டும். எங்கள் கூடத்தில் டியூப் லைட் எரியும், வாசற்கதவு திறந்திருக்கும், அந்த வெளிச்சத்தில் எந்தக் கறுப்பும் சாம்பல்தான். விஏ-யும் பக்கவாட்டில் போனால் கொஞ்சம் வெளிறும். ஓரத்தில் உட்காருகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றால் ஐபிஎஸ் ஒன்றுதான். வளைந்த திரை என்று ஒரு மாடல் காட்டினார்கள். அது நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கச் செய்தது. எட்டுப் பேர் பார்த்தால் இரண்டு பேருக்குத் தெரியும், ஆறு பேருக்குக் கழுத்து வலிக்கும்.

பெட்டி மேல் 'கோடிக்கு ஒன்று கான்ட்ராஸ்ட்', 'ஒரே மில்லி செகண்ட்' என்றெல்லாம் தங்க எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஓட்டல் போர்டில் 'சுத்தமான நெய்' என்று எழுதியிருப்பதற்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான்.

ஹெர்ட்ஸ் என்கிற எண் மட்டும் நிஜம். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 16.7 மில்லி செகண்ட், 144 என்றால் 6.9. "சினிமாவே செகண்டுக்கு 24 படம்தானே, கண்ணுக்கு அது போதலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவில் ஹீரோ எப்போது திரும்புவார் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. இங்கே நீங்கள் கட்டை விரலை அசைக்கிறீர்கள், வண்டி திரும்ப வேண்டும். 60-லிருந்து 144-க்குப் போனதும் என் மகள் "அப்பா, வண்டி வழுக்கிக்கிட்டு போவுது!" என்றாள். 144-க்கு மேல் 240, 360 என்று போவது போட்டிக்குப் போகிறவர்கள் பாடு. இன்னொன்று: கார்டு எல்லா நேரமும் ஒரே வேகத்தில் படம் வரையாது, திரையோ ஒரே தாளத்தில் நிற்கும். அப்போது படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும். 'அடாப்டிவ் சிங்க்' இருந்தால் தவில்காரர் நாதஸ்வரத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரி, திரை கார்டுக்காகக் காத்திருக்கும்.

2025 ஆடியில் ஒரு நாள் அதிகாலை பஸ் ஏறினேன். கிளாம்பாக்கம், கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றிச் சுற்றி விசாரித்து, 27 அங்குல ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ், பன்னிரண்டாயிரத்து நூறுக்கு முடித்தேன். 1 டிபி எஸ்எஸ்டி ஐயாயிரத்து நானூறு. கையில் ஒத்த ரூபாய் மிச்சமில்லை! கடைப் பையனிடம் மானிட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லி, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாகத் திரையை நிரப்பி, செத்த புள்ளி இருக்கிறதா என்று மூக்கு இடிக்கப் பார்த்தேன்.

"இருபது லட்சத்துல ஒண்ணு போனா என்ன ப்ரோ?"

"தம்பி, அந்த ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சுன்னா மிச்ச இருபது லட்சமும் தெரியாது."

ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை. ஆகவே கடையிலேயே பார்த்துவிடுவது உத்தமம்.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். திண்டிவனம் தாண்டி, பக்கத்து சீட்டுப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "டிவியா தம்பி?"

"இல்லீங்க, கம்ப்யூட்டர் மானிட்டரு."

"ஆபீஸுக்கா?"

"வெளையாடறதுக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி. கருணாபுரம்."

பெரியவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் இறங்கும்போது பெட்டியின் மேல் சரிந்திருந்த பையை நகர்த்தி வைத்து, "பாத்து எடுத்துட்டுப் போ" என்றார்.

மாட்டி முடித்ததும் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக 60-லேயே உட்கார்ந்துகொள்கிற மானிட்டர்கள் நிறைய. என் கடைக்கு வந்த ஒரு தம்பி ஒரு வருஷமாக 60-ல் ஆடிக்கொண்டு, "இருந்தாலும் 144-னா 144-தாண்ணே!" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கேபிளையும் போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். என் பிராசஸருக்குத் தனியாகப் படம் காட்டத் தெரியாது. போர்டில் செருகினால் வெறும் இருட்டுதான், அந்த இருட்டைப் பார்த்து முதல் ராத்திரியே பயந்துபோய்ப் போன் செய்கிறவர்கள் உண்டு.

இப்போது சாயங்காலங்களில் 'ராக்கெட் லீக்' ஓடுகிறது. கார்கள் கால்பந்து ஆடுகிற விளையாட்டு. 2020-லிருந்து இலவசம், திரையைப் பிரித்து இரண்டு பேர் சேர்ந்தே ஆடலாம். நடு இடத்துக்கு அடிதடி ஓய்ந்துவிட்டது. சண்டை இல்லாமல் போனதில் சிலருக்கு வருத்தம்தான். கிரைண்டர் பக்கத்தில் ஒரு பையன் எப்போதும் ஓரமாகவே உட்காருவான். பேச்சு குறைவு. பந்து மூலைக்கு வருவதை முதலில் பார்க்கிறவன் அவன்தான். "அக்கா, பின்னால!" என்பான். மகள் திரும்பிப் பார்க்காமலே வண்டியைத் திருப்புவாள்.

931 ஜிபியில் 700-க்கு மேல் நிரம்பிவிட்டது. போர்டில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் காலியாக இருக்கிறது. ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ கம்பெனிகள் மெமரி சில்லையெல்லாம் வாரிக்கொண்டு போக, ராமும் எஸ்எஸ்டியும் விலை எகிறிவிட்டன. ஆடியில் ஐயாயிரத்து நானூறுக்கு வாங்கினது எனக்கே இப்போது நம்ப முடியவில்லை. மனைவியிடம் அடுத்த சீட்டைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன்.

"அந்தச் சின்ன ஸ்குரு பத்திரமா இருக்குதா?" என்றாள்.

இரண்டாவது டிரைவை மாட்டுவதற்குப் போர்டோடு கொடுத்த திருகாணி அது. அரிசிக்குருணை சைஸில் இருக்கும், விழுந்தால் கிடைக்காது. முதல் நாளே அவள்தான் வாங்கித் தன் குங்குமச் சிமிழில் போட்டு மூடிவைத்தாள்.